ஏழு சுற்று கறுப்பு டேப்

நுனியைக் கிள்ளினால் போதும் என்றுதான் வயர்மேன் குனிந்தார். இலந்தைச் செடி விடுவதாக இல்லை. முதலில் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. அதை விடுவிக்கப் போனதில் மணிக்கட்டில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டது.

"அட சனியனே, உன்னை வளர்த்தவளுக்குத்தான் கொண்டு போறேன். ஊரான் வீட்டுக்கா கொண்டு போறேன்?" என்று செடியைத் திட்டிக்கொண்டே பையிலிருந்த கட்டிங் பிளேயரை எடுத்து, ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கினார். இலையும் முள்ளுமாகப் பச்சைப் பசேலென்று ஒரு கொப்பு. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகியும் கட்டிங் பிளேயர் மட்டும் அவர் பையிலிருந்து ஓய்வு பெறவில்லை. நகம் வெட்டுவதற்குக்கூட அதைத்தான் எடுக்கிறார் என்று மகள் சொல்வாள். அது பாதிப் பொய்தான்.

செடி இடுப்புயரம் வந்துவிட்டது. இரண்டே மாதத்தில்! இதைவிட நல்ல சேதியை ஒரு மனிதன் தன் பெண்டாட்டிக்கு எங்கிருந்து கொண்டுவர முடியும்? வேறு நல்ல சேதி எதுவும் அந்த வீட்டில் மிச்சமிருக்கவும் இல்லை.

பெண்டாட்டி உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பதினொரு நாள். இதயம் வீங்கிவிட்டது, நுரையீரலில் தண்ணீர் சேர்கிறது, எடுக்க எடுக்கச் சேர்கிறது, வீட்டுக்குக் கூட்டிப் போய் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சுற்றி வளைத்துச் சொன்னார். அவளிடம் சுற்றி வளைக்க வேண்டிய அவசியமே இல்லை. அதே மாதிரி ஓர் ஆஸ்பத்திரியில், கட்டுப் போடும் அறையில், முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள். கட்டுக்காரம்மா என்றால்தான் நாலு தெருவுக்குத் தெரியும். டாக்டர் பேசி முடித்ததும், "எத்தனை நாள்னு மட்டும் சொல்லுங்க சார், அதுக்குத் தகுந்த மாதிரி வேலையை வச்சுக்கணும்" என்றாள். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு படுக்கைக்குப் போய்விட்டார்.

அவளுக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. அந்த இலந்தைதான்.

முன்பு இருபத்திரண்டு வருஷம் குடியிருந்த வாடகை வீட்டின் பின்னால், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஓர் இலந்தை மரம் நின்றது. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய பழம். முள் என்று பேருக்கு அங்கொன்றும் இங்கொன்றும்தான். பாதி மஞ்சளும் பாதி பழுப்புமாக இருக்கும்போது கடித்தால் முதலில் புளிப்பு தட்டி, அப்புறம் இனிப்பு வந்து, கொட்டையைத் துப்ப மனசு வராது. கட்டுக்காரம்மா மத்தியானச் சாப்பாட்டு டப்பாவில் சோற்றை மறந்தாலும் மறப்பாள், அந்தப் பழத்தை மறக்கமாட்டாள். அவள் சிநேகிதி நர்சரிக்காரம்மா, தான் விற்கிற ஆப்பிள் இலந்தையை ஒருமுறை கொடுத்தபோது, "பார்க்கத்தான் பெருசு. தண்ணியக் கடிச்ச மாதிரி இருக்கு" என்று முகத்துக்கு நேராகவே சொன்னவள். நர்சரிக்காரம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் உரம் கொண்டுவந்து கொடுத்து ராசியாகிவிட்டாள்.

சொந்த வீடு கட்டி வந்ததும் அந்த மரத்தை விட்டுவிட்டு வந்ததுதான் அவளுக்கு ஆறாத குறை. கொட்டையைப் போட்டு முளைக்க வைத்தால் அதே பழம் வராது, ஒட்டுக் கட்டினால்தான் வரும் என்று நர்சரிக்காரம்மா சொன்னாள். அதற்காகவே காட்டு இலந்தைக் கன்றுகள் மூன்றைப் பின்பக்கம் நட்டு வளர்த்தாள். "அடுத்த வருஷம், அடுத்த வருஷம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். இந்தக் கோடையில் பழைய வீட்டுக்காரர் மாடி கட்டுகிறேன் பேர்வழி என்று மரத்தை வெட்டப்போவதாகத் தகவல் வந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். மறுநாள் காலை மரம் இல்லை. முதல்நாள் சாயங்காலமே ஈரத்துணியில் சுற்றி ஒரு குச்சியைக் கொண்டுவந்துவிட்டாள். அந்தக் குச்சியில் தேறியது மூன்று கண்.

கண் என்றால் இலை முளைக்கிற மொட்டு. பட்டையோடு சேர்த்து விரல் நகம் அளவுக்குச் சீவி எடுத்து, கன்றின் பட்டையைக் கீறி உள்ளே செருகி, பிளாஸ்டிக் டேப்பால் கட்டினாள். புண்ணுக்குக் கட்டுப் போட்ட கை, நடுங்கவே இல்லை. இரண்டு கண் வாரத்துக்குள் கருகிவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த மூன்றாவது மட்டும் பச்சையாகவே நின்றது. "பிடிச்சிருச்சுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தவள்தான், நடைவாசலில் மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அதற்கப்புறம் செடி வயர்மேன் பொறுப்பு. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அவள் சொன்னது ஒரே வேலைதான். "கண்ணுக்கு மேல இருக்கிறத வெட்டிடுங்க. அப்பதான் கண்ணு முளைக்கும்." வெட்டினார். பத்தே நாளில் தளிர் விட்டது. அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய்ச் சொன்னபோது, ஆக்சிஜன் முகமூடிக்குள் அவள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. அன்றிலிருந்து தினமும் அந்தச் சேதிதான் மருந்து. இன்றைக்கு ஒரு விரல், இன்றைக்கு ஒரு சாண், இன்றைக்கு முழங்கால். அவரால் அவளுக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான், அதை அவர் குறைவில்லாமல் செய்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவளால் எழுந்து போய்ப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் வழியே பக்கவாட்டுக் கேட் தெரியும், நடைபாதை தெரியும், தொட்டியின் ஒரு பக்கம் தெரியும். செடி தெரியாது. இன்று காலை கண் விழித்ததும், "ஒரு கொப்பு ஒடிச்சுக் கொண்டாங்க. தொட்டாவது பார்க்கிறேன்" என்று கேட்டிருந்தாள்.

வயர்மேன் கொப்பைக் கொண்டுபோய் அவள் கையில் வைத்தார்.

மகள் தலையணை இரண்டை முதுகுக்கு வைத்து அவளைச் சாய்த்து உட்கார வைத்திருந்தாள். கட்டுக்காரம்மா ஓர் இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தாள். திருப்பிப் பார்த்தாள். இலை சின்னதாக, வட்டமாக இருந்தது. காம்பை ஒட்டிய முள்ளை நகத்தால் தட்டினாள். ஒவ்வோர் இலைக்கும் இரண்டு முள், ஒன்று நேராக, ஒன்று கொக்கி மாதிரி வளைந்து. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வயர்மேன் பரீட்சைப் பேப்பரை நீட்டிவிட்டு நிற்கிற பையன் மாதிரி நின்றார்.

"என்ன, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற?"

"நல்லா வந்திருக்கு" என்றாள்.

"வராதா பின்னே? காலைல ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம்."

அவள் அவருடைய மணிக்கட்டைப் பார்த்தாள். "இங்க வாங்க. ரத்தம் வருது."

"அது ஒண்ணும் இல்ல, கீறல்."

"குடுங்க கையை." மகளிடம் பஞ்சும் மருந்தும் வாங்கி, மூச்சு வாங்க வாங்கத் துடைத்துவிட்டாள். துடைத்த பிறகும் கையை விடவில்லை.

"ஏங்க, நான் கட்டின டேப்பு எப்படியிருக்கு? கழண்டு கிழண்டு..."

"நல்லா கேட்டே! நீ ஆஸ்பத்திரில இருக்கிறப்ப ஒருநாள் பார்க்கிறேன், உன் டேப்பு முனை பிரிஞ்சு காத்துல படபடன்னு அடிச்சுக்கிட்டுக் கிடக்கு. அது போதாதுன்னு நடுவுல ஒரு ஓட்டை வேற. நான் பார்த்துக்கிட்டுச் சும்மா இருப்பேனா? நம்ம கறுப்பு டேப்பை எடுத்து, இழுத்து, ஏழு சுத்து. ஜாயின்ட்டுன்னா அது ஜாயின்ட்டு. கண்ணு, மூக்கு, ஒண்ணும் வெளிய தெரியாது. இனிமே மழை பெஞ்சா என்ன, இடி விழுந்தா என்ன?"

கட்டுக்காரம்மா அவரையே பார்த்தாள். கன்னம் துடித்தது. முதலில் அழப்போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். சிரித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமலுக்கு நடுவிலும் சிரித்தாள்.

"அப்பா, என்னப்பா சொன்னீங்க? அம்மாவுக்கு மூச்சு வாங்குது பாருங்க!" மகள் ஓடிவந்தாள். பள்ளிக்கூட டீச்சர் அவள், வீட்டிலும் வகுப்பில் பேசுகிற மாதிரிதான் பேசுவாள்.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. டேப்பு சுத்தினதைச் சொன்னேன்."

"உங்கப்பா மாதிரி ஒரு ஆளு," கட்டுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், "உலகத்துலயே கிடையாதுடி."

ஒரு வாரத்துக்கு அப்புறம் அவள் சிரித்த சிரிப்பு அது. வயர்மேனுக்குத் தலைகால் புரியவில்லை. நடைக்கு வந்து, எதற்கு வந்தோம் என்று தெரியாமல், ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த பல்பைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

பத்து மணி வாக்கில் அவள் அவரைக் கூப்பிட்டு நாப்தலின் உருண்டை வாங்கி வரச் சொன்னாள்.

"இப்ப எதுக்கு அது?"

"பீரோவுல பூச்சி வாசம் வருது."

"எனக்கு ஒண்ணும் வரலியே."

"உங்களுக்கு என்னிக்கு வாசம் வந்திருக்கு? கேஸு கசிஞ்சாலே நான்தான் சொல்லணும். போய்ட்டு வாங்க. முக்குக் கடையில வேணாம், அவன் உருண்டை கரையவே கரையாது. மார்க்கெட்டுப் பக்கம் போங்க."

வெயிலில் மார்க்கெட் வரை நடந்து, வாங்கிக்கொண்டு வந்தார். வந்தபோது அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தலையணைக்குப் பக்கத்தில் செல்போன் கிடந்தது.

"யார்கிட்டப் பேசினா?" என்று மகளிடம் கேட்டார்.

"நர்சரிக்காரம்மாகிட்ட. என்னை வெளிய போகச் சொல்லிக் கதவைச் சாத்திட்டுப் பேசினாங்க. அப்படி என்ன பரம ரகசியமோ!"

ரகசியம் என்ன ரகசியம்? செடி இடுப்புயரம் வளர்ந்த பெருமையைத்தான் சொல்லியிருப்பாள், மகளிடம் சொல்ல வெட்கமாக இருந்திருக்கும் என்று வயர்மேன் தானாகவே முடிவுகட்டிக்கொண்டார். நாப்தலின் உருண்டைகளைப் பீரோவில் தட்டுக்கு இரண்டாக வைத்தார். பூச்சி வாசம் என்று ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை.

மத்தியானம் அவள் இரண்டு கரண்டி கஞ்சி குடித்தாள். வயர்மேன் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல அவள் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்தார். மத்தியானத் தூக்கம் அவருக்கு இரண்டிலிருந்து மூன்றரை வரை. லைனில் ஏறி வேலை பார்த்த காலத்திலேயே, கம்பத்தடியில் துண்டை விரித்துத் தூங்கியவர். பக்கத்தில் லாரி போனாலும் அசையமாட்டார்.

"நீ தூங்கலையா?"

"நீங்க தூங்குங்க. நான் கொஞ்ச நேரம் வெளிய பார்த்துக்கிட்டிருக்கேன்."

"தொட்டி மறைக்குதே. செடி தெரியாதே உனக்கு?"

"தெரியிறது போதும்" என்றாள். கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டு அவர் தலையைத் தொட்டாள். "தூங்குங்க. நல்லாத் தூங்குங்க."

அவர் தூங்கினார். மூன்றரைக்குக் கண் விழித்தபோது அந்தக் கை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. இழுத்து மேலே வைக்கப் போனவருக்கு அதன் கனம் தெரிந்தது. முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வயர்மேன் எழுந்து நின்று, "ஏம்மா" என்றார். அப்புறம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மகள் அடுப்படியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, தட்டைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை கூடத்தில் கட்டுக்காரம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். வெளியூரில் இருக்கிற அவள் தம்பி வந்து சேர வேண்டும், பதினோரு மணிக்கு அமரர் வண்டி சொல்லியிருந்தது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மருமகன் வாசலில் நின்று, வருகிறவர்களின் வண்டியையெல்லாம், "கொஞ்சம் ரைட்ல ஒடிங்க, போதும் போதும்" என்று நிறுத்த வைத்துக்கொண்டிருந்தார். துக்க வீட்டிலும் அவருக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. ஆஸ்பத்திரி ஆட்கள் நிறையப் பேர் வந்தார்கள். அவள் கையால் கட்டுப் போட்டுக்கொண்டவர்களும் வந்தார்கள். ஒருவர் வேட்டியைத் தூக்கி முழங்காலைக் காட்டி, "இது அம்மா கட்டினது, தழும்புகூட இல்ல பாருங்க" என்று எல்லாரிடமும் சொன்னார்.

வயர்மேன் சுவரோரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர் ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்.

"நான் தூங்கிட்டேன்."

"அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? விதி."

"பக்கத்துலதான் இருந்தேன். ஒரு அடி தூரம். தூங்கிட்டேன்."

எதிர்வீட்டுக்காரர், எந்தத் துக்க வீட்டிலும் முதல் வரிசையில் உட்காருகிற ஆள், "தூக்கத்துலயே போறது கொடுப்பினை" என்றார். யார் தூக்கத்தில் என்று வயர்மேன் கேட்கவில்லை. கேட்க வாய் வரை வந்தது. தன்னைக் கட்டிலுக்கடியில் குறட்டை விட வைத்துவிட்டு அவள் தனியாகக் கிளம்பிப் போனாளே! ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா? கூப்பிட்டிருப்பாளோ? கூப்பிட்டும் கேட்கவில்லையோ?

"அப்பா, டேங்குல தண்ணி தீர்ந்துருச்சு. மோட்டார் போடணும்" என்று மகள் வந்து காதோரம் சொன்னாள். "நீங்க இருங்க, நான் அவரைப் போடச் சொல்றேன்."

"அது அவருக்கு வராது. ஸ்விட்சு கொஞ்சம் லூசு, ஒரு மாதிரி அழுத்தணும்" என்று எழுந்தார். எழுவதற்கு ஒரு காரணம் கிடைத்ததே பெரிசு.

பின்பக்கம் ஆள் நடமாட்டமே இல்லை. கூட்டமெல்லாம் வாசலில். மோட்டார் ஸ்விட்சை அழுத்திவிட்டுத் திரும்பியவர் கண்ணில், தொட்டிக்குப் பின்னால் ஒரு முதுகு தெரிந்தது. நர்சரிக்காரம்மா செடிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் சின்னக் கத்தி. பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு குச்சி.

"ஏம்மா, இங்க என்ன பண்றே?"

அவள் தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஒண்ணும் இல்லண்ணே. சும்மா... செடியைப் பார்த்துட்டு..."

"இன்னும் உள்ள போய் அவ முகத்தைப் பார்க்கல நீ?"

"பார்க்கணும்ணே. இதை முடிச்சிட்டுத்தான் பார்க்கணும்."

"எதை முடிச்சிட்டு?"

நர்சரிக்காரம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. பட்டுப்போன செடியைக்கூட, "இது பட்டுப்போச்சு, வாங்காதீங்க" என்று சொல்லித்தான் விற்பாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றவள் உடைந்துவிட்டாள்.

"உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கினாங்கண்ணே. நேத்து மத்தியானமே வரச் சொன்னாங்க. வண்டியில மண்ணு வந்து இறங்கிடுச்சு. சாயங்காலம் போய்க்கலாம்னு இருந்துட்டேன், பாவி. அதுக்குள்ள..."

"என்ன தெரியக் கூடாது?"

அவள் செடியின் அடியைக் காட்டினாள். மண்ணிலிருந்து ஒரு முழ உயரத்தில் கறுப்பு டேப் மினுமினுத்தது. அதற்கு மேலே இருந்தது காய்ந்த குச்சி. இடுப்புயரம் வளர்ந்த கிளைகளெல்லாம் டேப்புக்குக் கீழேயிருந்துதான் கிளம்பியிருந்தன. இது வயர்மேனுக்குத் தெரியாததல்ல. தினமும் இரண்டு குடம் ஊற்றியவர் பார்க்காமலா இருந்திருப்பார்? கரன்ட் ஒரு பக்கம் போய் இன்னொரு பக்கம் வருகிற மாதிரி, கண் உள்ளே ஒட்டிக் கீழே முளைக்கிறது என்று நினைத்திருந்தார்.

"இது அந்த இலந்தை இல்லண்ணே. அடிச்செடி. காட்டு இலந்தை. ஒட்டின கண்ணு செத்துப்போச்சுன்னா கீழயிருந்து இது கிளம்பிடும். இலையையும் முள்ளையும் பார்த்தாலே தெரிஞ்சுடும்."

"கண்ணு ஏன் சாகணும்? நல்லாத்தானே பிடிச்சிருந்துச்சு? அவளே சொன்னாளே?"

நர்சரிக்காரம்மா டேப்பைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி டேப்பைப் பார்த்தாள்.

"கட்டுறப்ப கண்ணை மட்டும் வெளிய விட்டுத்தான் கட்டணும்ணே. அக்கா அப்படித்தான் கட்டியிருந்தாங்க."

அந்த ஓட்டை.

வயர்மேன் உட்கார்ந்தார். டேப்பின் முனையை நகத்தால் தேடினார். முனை எங்கேயென்று தெரியாத மாதிரி ஒட்டுவதுதான் நல்ல வேலைக்காரனுக்கு அழகு, அதனால் தேட நேரமானது. கிடைத்ததும் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். ஏழாவது சுற்றோடு அந்த நகம் அளவுப் பட்டையும் சேர்ந்து வந்தது. கறுத்துச் சுருங்கி, டேப்பின் பசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் மிளகு மாதிரி ஒரு புள்ளி. பழைய வீட்டு மரத்தில் மிஞ்சியது அவ்வளவுதான். அது நின்ற இடத்தில் இப்போது மாடிப்படி இருக்கிறது.

"நான் கொன்னுட்டேன்" என்றார். "கொன்னுட்டு, கொப்பை ஒடிச்சு அவ கையிலயும் குடுத்தேன். எப்படியிருக்கு பாருன்னேன். அவளுக்குத் தெரிஞ்சிருச்சு. தொட்டதுமே தெரிஞ்சிருச்சு. நல்லா வந்திருக்குங்கிறா! சிரிக்கிறா!"

அதுவரை ஒரு சொட்டு வராத கண், இப்போது கட்டுப்படவில்லை. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, தொட்டிச் சுவரில் நெற்றியை வைத்து அழுதார். மோட்டார் சத்தத்தில் வீட்டுக்குள் யாருக்கும் கேட்டிருக்காது. நர்சரிக்காரம்மா அவர் முடிக்கிற வரை நின்றாள்.

"போன்ல என்ன சொன்னா?" என்று கடைசியில் கேட்டார்.

"'நம்ம கண்ணு போச்சுடி'ன்னாங்க. 'அவருதான் பண்ணியிருக்காரு, ஆனா தெரிஞ்சு பண்ணல. பழம் புளிச்சுதுன்னா ஒருநாள் யாராவது சொல்லிடுவாங்க. அப்புறம் அந்த மனுஷன் இருக்கிற வரைக்கும் தன்னைத்தானே திட்டிக்கிட்டுக் கிடப்பாரு. நான்கூட இருக்க மாட்டேன் சமாதானம் சொல்ல. உன்கிட்ட இருக்கிற ஆப்பிள் இலந்தையிலயிருந்து ஒரு கண்ணு கொண்டுவந்து, அடியில தெரியாம வச்சுடு. மூணு வாரம் கழிச்சுக் கத்திரிக்கிற சாக்குல வந்து மத்ததையெல்லாம் வெட்டிடு'ன்னாங்க."

"ஆப்பிள் இலந்தையா? அவளா கேட்டா?"

"நானும் அதான்ணே கேட்டேன். 'தண்ணியக் கடிச்ச மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே, அதையா அக்கா வைக்கச் சொல்றீங்க'ன்னேன். 'எனக்கா வைக்கிறே? அவருக்குத்தானே. அவருக்கு ருசியும் தெரியாது வாசமும் தெரியாது, இனிச்சா அதே பழம்னு நினைச்சுத் தின்னுக்குவாரு'ன்னாங்க."

வயர்மேன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வாசலில் மருமகன் யாரையோ, "ரிவர்ஸ், ரிவர்ஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. நர்சரிக்காரம்மா ஈரத்துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நேத்துக் காலைல வெட்டின குச்சி. இன்னிக்கு மத்தியானத்துக்கு மேல தாங்காது. சொல்லுங்கண்ணே, வைக்கட்டுமா, தூக்கிப் போட்டுடட்டுமா? உங்களுக்குத் தெரிஞ்சே போச்சே. அக்காவுக்குக் குடுத்த வாக்கை நான் காப்பாத்தலையே."

"நேத்து எத்தனை மணிக்கு வரச் சொன்னா?"

"ரெண்டு மணிக்கு மேல. 'அவர் தூங்குற நேரமாப் பார்த்து வா, அப்ப இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாரு. கேட் பக்கம் நான் பார்த்துக்கிட்டிருக்கேன், கையை ஆட்டினா உள்ள வந்துடு'ன்னாங்க."

அவர் கேட் பக்கம் பார்த்தார். பிரித்த டேப்பை உருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எழுந்து, மோட்டாரை நிறுத்தினார்.

"நான் உன்னைப் பார்க்கல" என்றார்.

"அண்ணே?"

"நான் தூங்கப் போறேன். நீ வச்சுடு."

கூடத்துக்கு வந்து, தன் நாற்காலியை நகர்த்தி அவள் தலைமாட்டுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். சுவரில் தலையைச் சாய்த்தார். கண்ணை மூடினார்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் குரல் கேட்டது. "அட, உட்கார்ந்த மேனிக்குத் தூங்கிட்டாரே. இந்த நேரத்துலயுமா?"

"ராத்திரி பூரா கண்ணே மூடல மாமா" என்றாள் மகள். "எழுப்பாதீங்க. வண்டி வர வரைக்கும் தூங்கட்டும்."

யாரோ மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்கள். பேச்சு தணிந்தது. பின்பக்கம் வாளி உரசுகிற சத்தம் வந்தது, தண்ணீர் மண்ணில் விழுகிற சத்தம் வந்தது, அப்புறம் ஒன்றும் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து அடுப்படி வழியாக ஈரக் காலடி ஒன்று கூடத்துக்குள் வந்தது. அவருக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

"இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?" என்று மகள் கேட்டாள்.

"செடிக்குத் தண்ணி விட்டேம்மா. வாடியிருந்துச்சு."

"நீங்க வந்ததை அப்பா பார்த்தாரா?"

"இல்ல. அண்ணன் தூங்கிக்கிட்டிருந்தார்."

நர்சரிக்காரம்மா அதற்கப்புறம்தான் கட்டுக்காரம்மாவின் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அந்த அழுகைக்கும் வயர்மேன் இமை அசையவில்லை. தம்பி வந்தான், அழுதான். வாசலில் வண்டி வந்து நின்றது, மருமகன் அதை நேராக நிறுத்த வைத்தார். ஆட்கள் எழுந்தார்கள், நாற்காலிகள் நகர்ந்தன. மகள் வந்து தோளைத் தொட்டாள்.

"அப்பா."

அவர் அசையவில்லை.

"அப்பா, எந்திரிங்கப்பா. நேரமாச்சு."

மூன்றாவது தடவை உலுக்கின பிறகுதான் கண்ணைத் திறந்தார்.